முதுகில்லாத சட்டைகள்

பழனியில் பாதிப் பேருக்குச் சட்டை போட்டுவிட்டவள் ஷர்மிளா. இதில் பெரிய மிகை ஒன்றுமில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஜெயமுருகன் டிஜிட்டல்ஸில் அவள் ஒன்பது வருடம் டிசைனராக உட்கார்ந்திருந்தாள். அதை ஒட்டிய ஜெராக்ஸ் கடை என்னுடையது. என் பெயர் ஞானவேல். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவள் மௌஸைத் தட்டுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். அதனால் அவள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சட்டை விஷயம் இதுதான். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருகிறவர்கள் கசங்கிய சட்டையோடு வருவார்கள், பனியனோடு வருவார்கள், துண்டு மட்டும் போர்த்திக்கொண்டும் வருவார்கள். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வருகிற குடும்பமோ ஏதோ ஒரு விசேஷ வீட்டுப் படத்தை நீட்டும். அதில் இறந்தவர் வெற்று மார்போடு இலைக்கு முன்னால் உட்கார்ந்து ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருப்பார். ஷர்மிளா தலையை மட்டும் வெட்டி எடுத்து, கம்ப்யூட்டரிலேயே அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிடுவாள். அதற்கென்றே 'சட்டை' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். அறுபத்து நாலு சட்டை, பன்னிரண்டு கோட்டு, முப்பத்தொரு புடவை.

எல்லா ஸ்டுடியோவிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்தால் தலை வேறு, உடம்பு வேறு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஷர்மிளா செய்தால் அந்தச் சட்டையை அவர் தாலி கட்டிய நாளிலிருந்து போட்டிருக்கிறார் என்று பெண்டாட்டியே நம்புவாள். தோள் சரிந்தவருக்கு எட்டாம் நம்பர், கழுத்து குட்டையாக இருந்தால் இருபத்து மூன்று என்று கணக்கு வைத்திருந்தாள். தெருவில் போகிறவர்களையும் விடமாட்டாள். "அண்ணே, இப்ப வந்துட்டுப் போனாருல்ல, அவருக்கு எடது தோளு எறக்கம், கவனிச்சீங்களா?" என்பாள். ஆதாரின் இரண்டு பக்கத்தையும் கொண்டுவந்தாரா என்று மட்டும்தான் நான் கவனித்திருப்பேன்.

அவளுக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம். அப்பா தண்டாயுதபாணி, மலையடிவாரத்தில் மலைவாழைப் பழம் விற்கிறவர். மகள் பி.காம். முடித்து, ஆறு மாதம் டி.டி.பி. படித்து, இருபத்திரண்டு வயதில் இங்கே வந்து உட்கார்ந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். வேலையில் குறை சொன்னால் மட்டும் முகம் சிவக்கும்.

பிறகு போன் வந்தது. போன் எப்போதோ வந்துவிட்டது, நான் சொல்வது தலையைக் காட்டினால் தானாகவே சட்டை மாட்டிவிடுகிற போனை. முன்பு ஷர்மிளா அரைமணி நேரம் உட்கார்ந்து செய்ததை டீ ஆறுவதற்குள் அது செய்தது. சுமாராகத்தான் செய்தது, ஆனால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் ஜெயமுருகன் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது.

"தைப்பூசம் வரைக்கும் பேனர் வேல ஓடும்மா. அதுக்கப்புறம் எனக்கே சோலி இல்ல. வேற எடம் பாத்துக்கோ."

அப்பா தண்டாயுதபாணி உடனே ஒன்று பார்த்துவிட்டார். ஒட்டன்சத்திரத்தில் புதிதாகத் திறக்கிற பெரிய கடையில் பில் போடுகிற வேலை. தைப்பூசத்துக்கு முன்னால் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எல்லோரும் நல்ல இடம் என்றோம். நானும்தான் சொன்னேன்.

"நல்ல எடந்தாண்ணே," என்றாள் ஷர்மிளா. "ஆனா பில்லு போட யாரு தோளையும் பாக்க வேண்டாம்ல."

அவளுக்குச் சம்பளம் போவது பயமில்லை. ஒன்பது வருடமாகப் பழகிய கண் ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுமோ என்பதுதான் பயம். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ஐப்பசி மழையில் ஞானம்மா வந்தாள். பாச்சலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள், நாற்பதுக்குள்தான் வயது. அப்பா அழகையா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். மகள் இந்த மலையில் பிறந்து, இந்த மலையிலேயே வேலை செய்கிறவள். நலவாரிய அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்தவள், தோட்டத்து வேலைக்குப் போகிற கோலத்திலேயே இருந்தாள். புடவைக்கு மேல் புருஷன் ராஜ்மோகனின் பழைய முழுக்கைச் சட்டை. மலையில் தோட்டவேலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் அதுதான் உடுப்பு.

"சட்டையக் கழட்டிருங்கக்கா, உள்ள சேல நல்லாத்தான இருக்கு," என்றாள் ஷர்மிளா.

"கழட்டுனா குளுருது தங்கச்சி. நீ படத்துல மாத்திப் போடுவியாமே, ஏதாச்சும் போட்டு உடு."

வேலை இல்லாத மத்தியானம். ஷர்மிளா ஃபோல்டரைத் திறக்கவில்லை. சும்மா இருக்கிற கைதானே என்று புதிதாக ஒன்றை வரைந்தாள். கரும்பச்சையில் ஒரு கோட்டு. நிமிர்ந்து நிற்கிற காலர், மார்பில் இரண்டு பை, மணிக்கட்டில் பொத்தான். ஞானம்மாவின் அகன்ற தோளில் அது அப்படி உட்கார்ந்தது. படத்தை வாங்கிப் பார்த்தவள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கார்த்திகையில் திரும்பி வந்தாள். கையில் அட்டை இருந்தது.

"இந்தக் கோட்டு எந்தக் கடையில கெடைக்கும் தங்கச்சி? எங்க செட்டுல பதினோரு பேரு. கார்டப் பாத்ததுல இருந்து எனக்கும் வேணும் எனக்கும் வேணும்னு உயிர வாங்குறாளுக."

"அது கடையில கெடைக்காதுக்கா. நான் வரஞ்சது."

"வரஞ்சிட்டல்ல? அப்பத் தைக்கிறதுக்கு என்ன?"

தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த நான் சிரித்துவிட்டேன். ஞானம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு என்ன சிரிப்பு? வருசம் பூரா எங்க வீட்டு ஆம்பளைங்க கழிச்சுப் போட்டதுதான் எங்க மேல கெடக்கு. எங்களுக்குன்னு ஒண்ணு கேட்டாச் சிரிப்பா இருக்கோ? வெளங்காத கததான் இது."

மெஷினில் பேப்பர் வைக்க வேண்டிய அவசியம் எனக்கு அந்த நிமிடம் திடீரென்று வந்தது.

அந்தக் கேள்வி ஷர்மிளாவைப் பிடித்துக்கொண்டது. நாலு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் திண்டுக்கல் போய்க் கரும்பச்சைத் துணி எடுத்து வந்தாள். படத்தை என்னிடமே பெரிதாகக் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, பாலசமுத்திரத்தில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற சுப்புராஜிடம் போனாள். சுப்புராஜ் தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பினார். பின்னால் வெறும் வெள்ளை.

"முன்பக்கம் சரி," என்றார். "முதுகு எங்க பாப்பா?"

மறுநாள் அதை என்னிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமும் வந்தது. "அறுவத்து நாலு சட்ட வச்சிருக்கேண்ணே. ஒண்ணுக்கும் முதுகு கெடையாது. இத்தன வருசம் அது என் புத்திக்கே எட்டல பாருங்க."

முதுகு வரைந்தாள். படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே கை உடம்போடு ஒட்டி இறங்க வேண்டும் என்றாள். கக்கத்துப் பக்கம் ரொம்பப் பிடிக்கிறாற்போல இருக்கே என்று சுப்புராஜ் இழுத்தார். லூஸாக விட்டால் பார்வையாக இருக்காது என்று இவள் ஒரே பிடியாக நின்றாள். நீ வரைகிறாய், நான் வெட்டுகிறேன் என்று அவர் விட்டுவிட்டார்.

மார்கழி தொடக்கத்தில் பதினோரு கோட்டும் தயார். வெள்ளனே கிளம்பி ஒட்டன்சத்திரம் போய், அங்கிருந்து மலைப் பஸ் பிடித்தோம். மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று நான் கூடப் போனேன். தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர், சிலோன் வழக்கம். அங்கே வைத்தே பதினோரு பேரும் கோட்டைப் போட்டார்கள். ஒருத்தியை ஒருத்தி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வேலை மேய்க்கிற கணக்குப்பிள்ளை நடையெல்லாம் நடந்து காட்டினாள். பனிக்குள் அந்தப் பச்சை வரிசையைப் பார்த்தபோது நான்கூட, அடடா, இந்தப் பிள்ளையைப் பில் போட அனுப்பப் பார்த்தோமே என்று நினைத்தேன்.

ஷர்மிளா போனை எடுத்தாள். ஒன்பது வருடமாகச் சொன்னதையே சொன்னாள். "கையத் தொங்க விடுங்க. நேராப் பாருங்க."

படம் அருமையாக வந்தது. பிறகு அவர்கள் வேலைக்குப் போனார்கள்.

காபிச் செடி தலைக்கு மேல் வளர்ந்திருக்கும். பழம் பறிக்க வேண்டுமானால் கையைத் தூக்கிக் கிளையை வளைக்க வேண்டும். கை ஒரு சாண் ஏறினால் கோட்டு முழுவதும் கூடவே ஏறியது. காலர் தாடையில் இடித்தது. மார்புப் பையில் கொப்பு மாட்டியது. ஒரு மணி நேரத்தில் இரண்டு கோட்டு கக்கத்தில் தையல் விட்டது. உச்சிப் பொழுதுக்கு முன்னாலேயே பதினோரு கோட்டும் மிளகுக்கொடி ஏறிய மரங்களில் தொங்கின. பெண்கள் புருஷன்மார் சட்டைக்குள் திரும்பிப் போய்விட்டார்கள்.

யாராவது திட்டியிருந்தால் தேவலை. ஞானம்மா அருகில் வந்து, தணிந்த குரலில் சொன்னாள்: "படத்துக்கு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. விசேசம்னா போட்டுக்கிறோம், என்ன?"

எந்தத் தையல்காரரும் தானாக இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். ஸ்டுடியோவில் துணி பழகியவள் மட்டுமே செய்யக்கூடியது இது. அவள் முன்னால் வந்து உட்கார்ந்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர்கூடக் கையைத் தூக்கியதில்லை. அவள் தூக்கவிட்டதுமில்லை.

இறங்குகிற பஸ்ஸில் நான் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "உடும்மா. ஒட்டன்சத்திரத்துல ஏசி போட்ட கட. உக்காந்த எடத்துல வேல. தலையெழுத்தா ஒனக்கு இந்தக் காடு மேடெல்லாம்?"

வடகாடு வரும்வரை நான் நிறுத்தவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே, "அண்ணே, நான் அழுதுக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் பேசாம வாங்க," என்றாள்.

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே தனியாக மலையேறினாள். ஞானம்மா வீட்டிலேயே தங்கி இரண்டு நாள் அவர்களோடு தோட்டத்தில் திரிந்தாள். நானூறு படம் எடுத்து வந்தாள், ஒன்றில்கூட ஒரு முகம் சரியாக இல்லை. முதுகு, முழங்கை, கிளையை இழுக்கிற தோள், குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிற இடுப்பு, தலையில் சாக்கைத் தாங்குகிற கை. "என்னையப் பாக்காதீங்க, வேலையப் பாருங்கன்னு சொல்லிச் சொல்லி வாயே வலிச்சிருச்சுண்ணே," என்றாள்.

படத்தோடு ஒரு மூட்டையும் வந்தது. அந்தப் பதினோரு பேரும் கிழிந்துபோய் ஒதுக்கிவைத்த புருஷன்மார் சட்டைகள். அதை என் ஜெராக்ஸ் மெஷின் மேலேயே கொட்டினாள். புகையும் காபிப் பழத்தோலும் வியர்வையும் சேர்ந்து ஒரு வாடை. வாடிக்கையாளர் வருகிற இடம் இது என்று சத்தம் போட்டேன். காதிலேயே வாங்கவில்லை. மூடியைத் திறந்து, ஒரு சட்டையின் கக்கத்தைக் கண்ணாடியில் விரித்து, "ஒரு காப்பி போடுங்க," என்றாள்.

இருபது வருடத்தில் சொத்துப் பத்திரம், ஜாதகம், காதல் கடிதம் எல்லாம் எடுத்திருக்கிறேன். கக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தது அன்றைக்குத்தான்.

பதினோரு சட்டைக்கும் பதினோரு காப்பி. தரையில் வரிசையாகப் பரப்பினாள். நானும் குனிந்து பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாச் சட்டையும் ஒரே இடத்தில், வலது கக்கத்தில் கிழிந்திருந்தது. ஒரே மாதிரி கிழிந்திருந்தது. நடுவில் அகன்று, இரண்டு முனையும் கூம்பி, ஒரு மாவிலை அளவுக்கு. வேறு வேறு ஆம்பளைகள், வேறு வேறு சட்டைகள். கிழித்தது மட்டும் ஒரே வேலை.

"இது கிழிசல் இல்லண்ணே," என்றாள் ஷர்மிளா. அவள் குரல் மாறியிருந்தது. "கையத் தூக்கறதுக்குப் பத்தாத துணி. எவ்வளவு பத்தலங்கறத இவங்களே கிழிச்சுக் காட்டிருக்காங்க. நான் என்னத்துக்கு அளவு எடுக்கணும்?"

அந்தப் பதினோரு ஓட்டைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கோடு போட்டாள். சட்டையை வரைந்தபோதுகூட அவ்வளவு கவனமாகக் கோடு போட்டு நான் பார்த்ததில்லை. அந்த வடிவத்தில் துணி வெட்டி, இரண்டு கக்கத்திலும் வைத்துத் தைக்கச் சொன்னாள். நிமிர்ந்த காலர் போயிற்று. மார்புப் பை இடுப்புக்குப் போயிற்று. சுப்புராஜ் தைத்துவிட்டுத் தானே மாட்டிப் பார்த்தார். கடை நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். "எங்க வாத்தியார் எனக்கு இதச் சொல்லித் தரல," என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை ஒரே ஒரு கோட்டு. ஞானம்மாவுக்கு மட்டும்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. சாலை முழுக்கப் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம். பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் ஒட்டன்சத்திரம் சேர்ந்தது. அந்தப் புதுக் கடையிலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது: இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். நான் எதற்குக் கூட வருகிறேன் என்று கேட்டாள். வேடிக்கை பார்க்க என்றேன். உண்மையில் திரும்பும்போது அவள் தனியாக இறங்கி வரக்கூடாது என்று எனக்கு இருந்தது.

ஞானம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு செடிகளுக்குள் போனாள். நாங்கள் எடை போடுகிற கொட்டகையில் உட்கார்ந்தோம். பத்து மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை, போய்க் கேட்டுவிட்டு வரட்டுமா என்றேன்.

"கேக்காதீங்கண்ணே. கேட்டா நல்லாருக்குன்னு சொல்லிருவாங்க. போன தடவையும் அப்படித்தான சொன்னாங்க."

உச்சிப் பொழுது வந்தது. மிளகுக்கொடி மரங்களைப் பார்த்தேன், ஒன்றும் தொங்கவில்லை. வெயில் ஏறிவிட்டதே, அதற்காகவாவது கழற்றுவாள் என்று நினைத்தேன். சாப்பிட வந்தவள் கோட்டோடுதான் வந்தாள். மற்றவர்களோடு வட்டமாக உட்கார்ந்து, யார் மகளுக்கோ திண்டுக்கல்லில் நர்சிங் சீட் கிடைத்ததைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். சோற்றைத் தின்றாள், தூக்குச்சட்டியைக் கழுவினாள், வெரசா வாங்கடி என்று மற்றவர்களை விரட்டிக்கொண்டு போனாள். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. ஷர்மிளா தனக்கென்று கட்டிவந்த புளிச்சோற்றைத் தொடவேயில்லை. 

நாலரை மணிக்கு எடை. பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஞானம்மா இரண்டு கையையும் தூக்கிச் சாக்கைப் பிடித்தபடி சரிவில் இறங்கி வந்தாள். கோட்டு மேலே ஏறாமல் இடுப்பில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சாக்கை இறக்கினாள். பச்சைக் கைமடிப்பால் முகத்தைத் துடைத்தாள். எடையில் ஏதோ சண்டை போட்டு ஜெயித்தாள். பிறகு எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

ஷர்மிளா எழுந்து பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா. எப்படி இருக்கு?"

ஞானம்மா நின்றாள். "எது?"

  ஞானம்மா காலியான சாக்கைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதக் கேக்குற தங்கச்சி?" அப்புறம்தான் குனிந்து தன் மேல் இருந்ததைப் பார்த்தாள்.

"அட, இதுவா? போட்டதே மறந்து போச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை. ஷர்மிளா அந்த மண்பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஞானம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன இது, நல்லாத்தான இருக்கு, எதுக்கு இப்பிடி," என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மற்ற பத்துப் பேரும் சுற்றி நின்று ஞானம்மாவின் கையைத் தூக்கிக் கக்கத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி விரலால் அந்த மாவிலைத் துண்டைத் தடவிப் பார்த்து, எங்களுக்கு எப்போது என்றாள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாலசமுத்திரத்தில் இப்போது ஷர்மிளாவின் நாலு தையல் மெஷின் ஓடுகிறது, சுப்புராஜ் சீருடையை விட்டுவிட்டு அங்கேதான் வெட்டுகிறார், கொடைக்கானல் பக்கம் பூப்பண்ணைகளிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் கண்ணால் பார்த்தது அந்தச் சாயங்காலம்.

அந்தத் தோட்டத்தில் கொட்டகையின் மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஷர்மிளா முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கே போய் நின்றாள். ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"வணக்கம் சார், ஷர்மிளா பேசறேன். இல்ல சார், நான் வரல. எனக்கு இங்க வேல இருக்கு."